எங்கே என்று கேட்காத வீடு

தம்பிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உன் அத்தான் கையோடு கொண்டு வருகிறார். உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து கப்பல்காரர்களின் கடிதங்களை உடைத்துப் பார்த்து, வேண்டாத வரிகளைக் கறுப்பு மையால் மூடிவிடுகிறார்கள் என்று கல்லூரியில் பேசிக்கொள்கிறார்கள். நான் உன்னிடம் கேட்கப் போவதும் நீ எனக்குச் சொல்ல வேண்டியதும் அவர்கள் மூடுகிற வகை வரிதான். அதனால்தான் அத்தானை அனுப்புகிறேன். கடைக்குச் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நம்பாதே. என்னுடைய அரியண்டம் தாங்க முடியாமல் வருகிறார். உன் அக்காவும் சேர்ந்து அழுதாள், பாவம் மனுசன் என்ன செய்வார். துறைமுகத்து வெயிலில் அவரை நிற்க வைக்காமல் முதலில் குடிக்க ஏதாவது வாங்கிக் கொடு. பிறகு இதைப் படி. கடைசிவரை படி. நான் எழுதினால் நீளமாகத்தான் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்.

நீ புறப்பட்ட காலையிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு பெயர் வைத்து அதை மறைக்க எனக்கு மனமில்லை. கல்லூரிக் கந்தோருக்கு வேலைக்குப் போகிறேன், தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருக்கிறேன், பெரிய மதர் சொல்லச் சொல்ல அடிக்கிறேன். நேற்று ஒரு பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் உன் பெயரை அடித்துவிட்டேன். மதர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். புதுத் தாள் ஒன்றை எடுத்துத் தானே உருளையில் செருகிவிட்டுப் போனார். இத்தனை வருடம் அந்த மனுசியிடம் வேலை செய்கிறேன், அவர் என் மேல் இரக்கப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் கூடியது. ஊர்காவற்றுறையில் இப்போது விளக்குகளுக்குக் கறுப்புக் கடதாசி சுற்றியிருக்கிறார்கள். பொழுதுபட்டால் கடற்கோட்டைப் பக்கம் ஒன்றும் தெரிவதில்லை. கடல் இருக்கிறது என்பதைச் சத்தத்தில்தான் அறிய வேண்டியிருக்கிறது.

நீ வாசல் படலையடியில் நின்றதும் நான் குசினிக்குள் போனதும் எதற்காக என்று உனக்கு விளங்கியிருக்கும், விளங்காமலும் இருந்திருக்கும். அதை எழுதத்தான் இருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் ஐயாவிலிருந்து தொடங்க வேண்டும். உன்னிடம் நான் இந்தக் கதையை முழுதாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாகப் பிறர் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய்.

கடலுக்கு இறங்குகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கரம்பொனில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததாக நான் அறியவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் போகிற காரியம் வாய்க்காது, சிலவேளை ஆளே திரும்பாது. யாராவது மறந்துபோய்க் கேட்டுவிட்டால், வள்ளத்தில் ஏறியவன் இறங்கி வருவான். முகம் கழுவுவான். கொஞ்ச நேரம் கரையில் குந்தியிருந்துவிட்டுத்தான் மறுபடி போவான். அந்த நேரம் முழுவதும் கேட்டவள் பக்கம் திரும்பவே மாட்டான். மாதா கோயிலில் பங்குச் சுவாமி இதெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கம் வைப்பார். பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, கடலுக்குப் போகிற மாப்பிள்ளையிடம் வாயைத் திறக்காமல் நிற்போம். நாங்கள் கேட்பதில்லையே தவிர, அறியாமல் இருப்பதில்லை. வள்ளத்தில் என்ன ஏறுகிறது என்று பார்ப்போம். வெறும் சாக்கு என்றால் அனலைதீவுப் புகையிலை. மண்ணெண்ணெய்த் தகரம் என்றால் நெடுந்தீவுக் கடைகள். அரிசி மூட்டை என்றால் நயினாதீவுத் திருவிழாவுக்கு. இப்படிப் பார்த்துப் பார்த்தே உன் ஐயாவோடு நான் குடும்பம் நடத்தினேன்.

அவர் சொந்த வள்ளத்தைத் தானே ஓட்டுகிற தண்டையல். தீவுக்குத் தீவு சாமான் ஏற்றி இறக்கிப் பிழைத்தவர். நல்ல மனுசன், கொஞ்சம் பகிடிக்காரர். அந்தக் காலையில் வள்ளத்தில் அவர் ஒன்றுமே ஏற்றவில்லை. அதற்குப் பதில், அலுமாரியைத் திறந்து கலியாணத்துக்குத் தைத்த சட்டையை எடுத்து, மடித்து, ஒரு துணியில் சுற்றினார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அக்கா அவருடைய காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல சட்டை எதற்கு, யாருக்கு, எந்தத் தீவுக்கு? என் வாய்க்குள் கேள்வி பழப்புளி போல இருந்தது. அவருக்கு அது தெரியும். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, வாய் நமநமக்குதோ? வந்து சொல்லுறன். நீர் சந்தோசப்படுவீர்."

"ஓம்," என்றேன்.

"அப்ப வாறன்."

அவ்வளவுதான் நடந்தது. தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கிற காலம்; காலையில் காற்று விழுந்திருந்தது, பின்னேரம் எழும்பியது. மெல்ல மெல்ல எழும்பாமல், பிடித்துத் தள்ளுகிற மாதிரி அடித்தது. அவர் திரும்பவில்லை; அவரைத் தேடப் பொழுதுபடுவதற்குள் ஊர் ஆண்கள் இரண்டு வள்ளம் இறக்கிவிட்டார்கள். முன்னுக்கு நின்ற கிழத் தண்டையல் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, எந்தப் பக்கம் போனவன்?"

"தெரியாது. நான் கேக்கேல்லை."

"ஏற்றினது என்ன?"

"ஒண்டும் ஏத்தேல்லை."

அவர் என்னை ஏசவில்லை. தலையை ஆட்டினார். "கேக்கக் கூடாதுதானே," என்றார். அப்படிச் சொன்னபோது என் நெஞ்சில் நிம்மதி வந்தது, தம்பி. நான் சரியாகத்தான் நடந்தேன் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. ஒரு வள்ளம் அனலைதீவுப் பக்கம் போனது, மற்றது நயினாதீவுப் பக்கம் போனது, ஏனென்றால் அவர் வழக்கமாகப் போகிற இடங்கள் அவை. நெடுந்தீவுப் பக்கம் ஒருவரும் போகவில்லை. விடிந்த பிறகு நெடுந்தீவிலிருந்து வந்தவர்கள்தான் சொன்னார்கள், பாயும் ஒரு பலகையும் அங்கே கரை தட்டியிருக்கிறது என்று. ஆள் கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஒரு நெடுந்தீவுக்காரர் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, உன் ஐயா அன்றைக்கு நல்ல சட்டையோடு தங்கள் வீட்டுக்கு வந்து, உன் பெரிய மாமியைத் தங்கள் மகனுக்குக் கொடுக்கப் பேசினார் என்றும், காற்று எழும்புமுன் போய்விடுகிறேன் என்று மத்தியானமே புறப்பட்டார் என்றும் சொன்னார். தங்கைக்குச் சம்பந்தம் பேசப் போயிருக்கிறார். வந்து சொல்ல நினைத்தது அதைத்தான்.

முன்னமே தெரிந்திருந்தாலும் அந்தக் காற்றில் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பலரும் சொன்னார்கள். இருக்கலாம். அது எனக்குத் தெரியவே போவதில்லை. தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

அந்தச் சம்பந்தத்தை நான்தான் முடித்து வைத்தேன். வெள்ளைச் சேலையோடு நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறிப் போய், வாந்தி எடுத்து எடுத்துப் போய், பேசி முடித்தேன். பிறகு சின்ன மாமியை முடித்தேன். பிறகு உன் அக்காவை. நான் பெரிய ஆட்சி நடத்துகிறேன் என்று ஊரில் சொல்வார்கள். ஒருவருக்கு வயிற்றுவலி என்றாலும் என்னிடம் வர வேண்டும், காணி பிரிப்பது என்றாலும் என்னிடம் வர வேண்டும் என்று நீயும் கேலி பண்ணியிருக்கிறாய். பயந்தவர்கள்தான் தம்பி எல்லாவற்றையும் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். துணிந்தவர்கள் விட்டுவிட்டு நித்திரை கொள்வார்கள்.

கன்னியர் மடத்தில் நான் படித்த காலத்தில் ஒரு மதர் விளையாட்டுப் போலத் தட்டச்சு பழக்கியிருந்தார். அதுதான் என்னைக் காப்பாற்றியது. உன் ஐயா கடலில் போன அந்த வருடமே கல்லூரிக் கந்தோரில் என்னை எடுத்தார்கள். முதலில் கடிதம் அடிக்கிற வேலை, பிறகு காரியதரிசி. எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் சூசைப்பிள்ளை அண்ணை. வயது போய் விலகும்போது எனக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தார். அப்போது விடுதிப் பிள்ளைகள் வெளியே போகிறபோது எழுதுகிற கொப்பியைப் பார்த்தேன். பெயர் ஒரு கட்டம், நேரம் ஒரு கட்டம், எங்கே என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாக, பக்கம் பக்கமாக, வீடு, வீடு, வீடு என்று முத்து முத்தான எழுத்து.

"என்னண்ணை, எல்லாருக்கும் வீடு எண்டே எழுதியிருக்கிறியள்?"

"பின்னை என்ன எழுதுறது?"

"எங்கை எண்டு கேட்டு எழுதத்தானே அந்தக் கட்டம்."

அவர் பேனையை வைத்துவிட்டார். "வள்ளம் ஏறப் போற பிள்ளையளைப் பிடிச்சு எங்கை போறியள் எண்டு நான் கேக்கமாட்டன். மதர்மார் வெளிநாட்டுச் சனம், அவைக்கு உது விளங்காது. உமக்கெண்டாலும் விளங்க வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. மேசையில் கிடந்த கடதாசிகளைத் தேவையில்லாமல் அடுக்கத் தொடங்கினார். கெட்ட மனுசனில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் வீடு என்று எழுதியிருக்கிறார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை. கோபம்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கேட்டேன். வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நயினாதீவுப் பிள்ளை ஒருத்தியைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டேன். கொப்பியில் மை கொட்டியது. அந்தப் பிள்ளை பின்வாங்கி, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள். நான் மறுபடி கேட்டேன். மெதுவாகச் சொன்னாள். எழுதினேன். எந்த வள்ளம், எந்தத் தண்டையல், வழியில் எங்காவது இறங்குவீர்களா என்று அதையும் கேட்டேன். நான் தைரியசாலியாகிவிட்டேன் என்று நினைக்காதே. கேட்கிறபோது பயம், கேட்காமல் விட்டால் அதைவிடப் பயம். இரண்டில் சின்னதைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர் என்னை என்ன செய்தது என்பது உனக்குத் தெரியும். துறையடியால் நான் நடந்து போனால் வள்ளக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வலைக்குப் போகிறவர்கள் நான் தாண்டிப் போகும்வரை வேலிக்குப் பின்னால் நிற்பார்கள். கேக்கிறவ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். கேக்கிறவவின்ரை மோன் என்று உனக்கு வைத்தார்கள். ஒரு நாள் சட்டை கிழிந்து, உதடு வீங்கி வந்தாய். யார் அடித்தது என்று கேட்டேன், சொல்லவில்லை. "உங்கடை கேள்வியை உங்கடை கொலிஜிலை கேளுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாய். சின்னப் பிள்ளை நீ. அந்தச் சொல் என்னை எப்படித் தைத்தது என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் நீ சொன்னது உண்மை. நான் கேட்டதெல்லாம் அங்கேதான். வீட்டில் கேட்டதில்லை. கல்லூரி வாசலில் எனக்குப் பெரிய மதரின் சட்டம் இருந்தது, கட்டம் போட்ட கொப்பி இருந்தது. கேட்பது நானில்லை, கல்லூரி கேட்கிறது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. வீட்டுப் படலையில் நான் வெறும் நான்தான். நீயும் அக்காவும் காரைநகருக்குத் துறை கடக்கிறபோதெல்லாம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்ப வருவியள், சோறு போட்டு வைக்கிறதோ?" அதிலிருந்து நானாகக் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

அந்த மார்கழி நத்தார் விடுமுறைக் காலத்து வள்ளத்தை நீ மறந்திருக்க மாட்டாய். வாடைக்காற்றுக் காலம், விடுதியை மூடிப் பிள்ளைகளை அனுப்புகிற நாள். அனலைதீவுப் பிள்ளைகள் ஒரே வள்ளத்தில் போனார்கள். வாசலில் நான் கேட்டபோது ஒரு பிள்ளை, "அனலைதீவுக்குத்தான் அக்கா, ஆனா முதலிலை எழுவைதீவிலை இறங்கிப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போவம்," என்று சொன்னாள். எழுதி வைத்தேன். பின்னேரம் மழை இருட்டியது. பொழுதுபட அனலைதீவிலிருந்து ஆள் வந்துவிட்டது, வள்ளம் வந்து சேரவில்லை என்று. துறையடியில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் வழக்கமான வழியில் போய்த் தேட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினேன். என்னைக் கண்டதும் விலகினார்கள். விலகட்டும் என்று நடுவில் போய் நின்று, எழுவைதீவுப் பக்கம் போங்கோ, அங்கே இறங்குவதாகத்தான் சொன்னார்கள் என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படி நான் கத்தியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. போய்ப் பார்த்தால், எழுவைதீவுக்கு இப்பால் கடலுக்குள் கிடக்கிற கல்லுப் பாரில் ஏறி, வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உயிரோடு வந்தார்கள்.

உனக்குத் தெரியாதது அடுத்த நாள் நடந்தது. அந்தப் பிள்ளையின் தாய் கந்தோருக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று எழுந்து நின்றேன். நான் காட்டிய கதிரையில் அவள் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னாள்.

"நீங்கள் கேட்டபடியாலைதான் பிள்ளையள் கிடைச்சவை. ஓம், அது எனக்குத் தெரியும். ஆனா நீங்கள் கேட்டபடியாலைதான் வள்ளம் பாரிலை ஏறினது எண்டு வீட்டிலை சொல்லுகினம். நான் இப்ப உங்களைக் கும்பிடுறதோ, ஏசுறதோ? எனக்குத் தெரியேல்லை அக்கா."

எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு தேத்தண்ணீர் போட்டுக் குடித்தோம். பெரிய மதர் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் புகழ்ந்து பேசினார். எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அந்தத் தாய் கேட்டதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்றுவரை ஓடுகிறது. ஊரே ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம் நின்று என்னை இழுக்கிறது. புத்தி சொல்வதை நான் கேட்கிறேன். ஊர் சொல்வதை என் உடம்பு கேட்கிறது.

இப்போது நீ புறப்பட்ட காலைக்கு வருகிறேன். கப்பலில் சாமான் பொறுப்பு வேலை கிடைத்திருக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் உன்னை மறிக்கவில்லை. மறித்தால் நிற்கிற பிள்ளை இல்லை நீ, உன் ஐயாவின் பிள்ளை. சாமான் கட்டினோம். அக்கா உனக்குப் பயிற்றம் பணியாரம் சுட்டாள். சுவாமியிடம் கூட்டிப் போய் ஆசீர்வாதம் வாங்கினேன். எல்லாம் செய்தேன். விடிந்ததும் நீ வெளிக்கிட்டு வந்தாய். நல்ல சட்டை போட்டிருந்தாய். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், உன் ஐயா மடித்த சட்டைதான் நினைவில். புதுச் சட்டை போடாமல் கொழும்புக்குப் போவார்களா என்று அக்கா கேட்டாள். அவளுக்கு என்ன தெரியும். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலைவரை போய், பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாய்.

"அம்மா, கேளுங்கோவன்."

நான் முற்றத்தில் கிடந்த சருகைக் காலால் ஒதுக்கினேன்.

"கேட்டால் சொல்லுவன். ஆருக்கும் சொல்லக் கூடாதெண்டுதான் கட்டளை. உங்களுக்கு மட்டும் சொல்லிப்போட்டுப் போவம் எண்டு நிக்கிறன். பிறகு எழுத ஏலாது அம்மா. கேளுங்கோ."

ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கேட்ட வாய் அது. திறக்கவில்லை. பால் பொங்குது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அடுப்பில் பால் இல்லை, தம்பி. அடுப்பே மூட்டியிருக்கவில்லை. சாம்பலுக்கு முன்னால் நின்று, நீ போகிற சத்தம் கேட்கும்வரை மாதா மாதா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் கடல் உன்னைக் கொண்டு போய்விடும் என்று பயந்தேன். படலை சாத்துகிற சத்தம் கேட்ட அடுத்த கணம், கேட்காமல் விட்டேனே, இனி எந்தப் பக்கம் என்று யார் வந்து கேட்டாலும் தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும் என்று பயந்தேன். ஓடி வந்தேன். ஒழுங்கை தெருவுக்குத் திரும்புகிற முடக்கில் நீ இல்லை. உன்னைப் பின்னால் கூப்பிடவும் கூடாது. கடலுக்குப் போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம் அல்லவா.

அதற்குப் பிறகு நித்திரை இல்லை. கப்பல்கள் தாழ்வதாகக் கதைகள் வருகின்றன. கந்தோருக்கு வருகிற பத்திரிகையை மதர் எனக்கு முன்னால் மடித்து வைத்துவிடுகிறார். எந்தக் கடலைப் பற்றிய செய்திக்கு நான் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றுகூட எனக்குத் தெரியாது. அதனால் எல்லாக் கடலுக்கும் பயப்படுகிறேன். ஒரு கடலுக்கு மட்டும் பயப்படுவது எவ்வளவு சுகம் என்று நீ நினைத்துப் பார். ஒரு பெயரைச் சொல்லிச் செபமாலை உருட்டலாம். அந்தப் பக்கம் பார்த்து நிற்கலாம்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு அருகதை இல்லை, என்றாலும் தாய் என்பதால் சொல்கிறேன். கப்பலில் ஏறியவுடன் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று பார். பகிடி பண்ணினால் பண்ணட்டும், கேட்டுப் பார். தெரியாததைக் கேட்கிறவனை ஊர் சிரிக்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எனக்குக் குறைந்ததா? சாப்பாட்டில் வெட்கப்படாதே. உன் ஐயாவைப் போல எல்லாவற்றையும் வந்து சொல்லுறன் என்று வைத்துக்கொள்ளாதே. சந்தோசமான சங்கதியாக இருந்தால் அதை இன்னும் வைத்துக்கொள்ளாதே. நாளைக்கு நீ ஒருத்தியைக் கைப்பிடிப்பாய். அவள் இந்தத் தீவுப் பெண்ணாக இருந்தால் கேட்க மாட்டாள். அவள் கேட்கட்டும் என்று படலையடியில் நிற்காதே. சட்டையை மடிக்கிறபோதே நீயாகச் சொல்லிவிடு. கேட்காதவளுக்குக் கேள்வி இல்லை என்று நினைக்காதே. கேட்கிற கேள்வியைவிட அது பெரிதாகத்தான் இருக்கும்.

இனி நான் கேட்கிறேன். கேட்பதால் வருவது வரட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. வரக் கூடாது, வரவே கூடாது என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து எப்படிக் கோணுகிறது என்று உனக்கே தெரியும்.

நீ எங்கே போகிறாய், ராசா?

கடதாசியில் எழுதாதே. கட்டளையை மீறினாய் என்று உனக்கு ஒரு பிசகு வர வேண்டாம். அத்தானின் காதில் சொல். அவர் மறதிக்காரர், இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள். வேறு யாரிடமும் அவர் சொல்ல மாட்டார், உன் அக்காவிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று மாதா படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணியிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடு.

அத்தான் வந்து சேருமுன் கப்பல் வெளிக்கிட்டிருந்தால், அவர் இதை உடைக்காமல் திருப்பிக் கொண்டு வருவார். அதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்படி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருக்கிறேன். கல்லூரிக் கொப்பியில் உன் பெயரை எழுதுவேன். கல்லூரிப் பிள்ளை அல்லாத ஒருவரின் பெயரை நான் அதில் எழுதுவது அதுவே முதல் தடவையாக இருக்கும். நீ படலையைச் சாத்திய நேரத்தை எழுதுவேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும், சூசைப்பிள்ளை அண்ணை எழுதியது போல நானும் வீடு என்று எழுதிவிடுவேன்.

அம்மா